டெமரேர் எந்தத் திசையில் போகிறது? பழைய போர்க்கப்பல் ஓவியங்களைப் பார்க்கும் முறை

2020 பிப்ரவரி 20 அன்று புழக்கத்துக்கு வந்த பிரிட்டனின் 20 பவுண்டு நோட்டைத் திருப்பிப் பார்த்தால் ஓவியர் ஜே.எம்.டபிள்யூ. டர்னரின் இளவயது முகம் இருக்கும். கூடவே ஒரு பழைய போர்க்கப்பலும் இருக்கும். டர்னர் 1839-இல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைத்த ‘போராடிய டெமரேர்’ ஓவியத்திலிருந்து எடுத்த கப்பல் அது. வெளுத்துப்போன பெரிய பாய்மரக் கப்பலை, கரும்புகை கக்கும் சின்ன நீராவிப் படகு ஒன்று இழுத்து வருகிறது. வலப்பக்கம் சூரியன் இறங்குகிறது. மூலம் லண்டன் தேசிய ஓவியக் காட்சியகத்தில் இருக்கிறது, அகலம் 121.6 செ.மீ., உயரம் 90.7 செ.மீ.

இந்த ஓவியத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கூடவே ஒரு குற்றப்பட்டியலும் வரும்:

1. கடைசிப் பயணத்தில் டெமரேருக்குப் பாய்மரங்களே கிடையாது. விற்பதற்கு முன்பே கடற்படை அவற்றைக் கழற்றிவிட்டது. ஓவியத்திலோ மூன்று பாய்மரங்களும் நிற்கின்றன.
2. கப்பலை இழுத்தவை இரண்டு படகுகள். ஓவியத்தில் ஒன்றுதான்.
3. கப்பல் தேம்ஸ் ஆற்றில் மேற்கு நோக்கிப் போனது. அப்படியானால் மாலைச் சூரியன் கப்பலுக்கு முன்னால் இருக்க வேண்டும். ஓவியத்தில் பின்னால் இருக்கிறது.
4. இழுவைப் படகின் புகைபோக்கி, அதன் பாய்மரத்துக்கு முன்னால் இருக்கிறது. அந்தக் காலத்து இழுவைப் படகுகளில் பாய்மரம்தான் முன்னால்.

நான்கும் நியாயமான குற்றச்சாட்டுகள். மூன்றாவதற்கு மட்டும், தேம்ஸ் வளைந்து வளைந்து போகும் ஆறு, ஏதோ ஒரு வளைவில் அப்படித் தெரிந்திருக்கலாம் என்று சிலர் வக்காலத்து வாங்குவார்கள். எப்படியோ, பிபிசி வானொலி 2005-இல் நடத்திய வாக்கெடுப்பில், பிரிட்டனில் இருக்கும் ஓவியங்களிலேயே தலைசிறந்தது என்று மக்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். தப்பும் தவறுமான படத்துக்கா இந்த மரியாதை என்று குழம்பினால் அது இயல்புதான். போர்க்கப்பல் ஓவியம் என்பது என்ன வகைப் பொருள், அதில் எதைச் சரிபார்க்கலாம், எதைச் சரிபார்க்கக் கூடாது என்பது தெரிந்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

காசு கொடுத்தவர் யார்?

நிலக்காட்சி வரைபவர் தன் விருப்பத்துக்கு வரையலாம். போர்க்கப்பல் ஓவியத்தில் அது அபூர்வம். பெரும்பாலும் யாராவது ஒரு தளபதியோ அரசரோ நகரசபையோ கேட்டு, பணம் கொடுத்து வரைய வைத்தவை. அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது எந்தக் கப்பல் என்பது அல்ல. யார் வீட்டுச் சுவருக்காக வரைந்தது என்பதுதான்.

இந்தக் கலைக்கு நெதர்லாந்தைத்தான் தாய்வீடு என்று சொல்ல வேண்டும். ஹார்லெம் நகரத்து ஹென்ட்ரிக் வ்ரூம்தான் கப்பலையே கதாநாயகனாக்கி வரைந்த முன்னோடி. 1588-இல் ஸ்பெயினின் ஆர்மடா படையெடுப்பை முறியடித்த ஆங்கிலத் தளபதி ஹோவர்ட், அந்தப் போரைத் திரைச்சீலைகளாக நெய்துவைக்க நினைத்தார். அவற்றுக்கு வடிவம் வரைந்து கொடுத்தவர் இந்த வ்ரூம். அந்தச் சீலைகள் பிற்காலத்தில் லண்டன் பிரபுக்கள் சபையின் சுவரை அலங்கரித்தன. 1834-இல் நாடாளுமன்றம் தீப்பிடித்தபோது எரிந்துபோயின. 1739-இல் ஜான் பைன் அவற்றைப் பார்த்துச் செதுக்கிய அச்சுப்படங்கள் இருப்பதால்தான் சீலைகள் எப்படி இருந்தன என்று இன்று நமக்குத் தெரிகிறது. (அந்தத் தீயை ஆற்றங்கரையில் நின்று பார்த்து ஓவியமாக்கியவர்களில் டர்னரும் ஒருவர்.)

அடுத்த தலைமுறையில் வருபவர்கள் அப்பாவும் மகனுமான இரண்டு வில்லெம் வான் டெ வெல்டெக்கள். அப்பா சிறு படகில் போர்க்களத்துக்கே போவார். குண்டுகள் பறக்கும்போது படகில் உட்கார்ந்து தாள் தாளாகக் கோட்டுப்படம் போடுவார். இப்போதைய மொழியில் சொன்னால் போர்க்களச் செய்தியாளர். 1666-இல் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரர்களுக்கும் நடந்த நான்கு நாள் போரை அவர் அப்படித்தான் பதிவுசெய்தார். சில ஆண்டுகள் கழித்து அப்பாவும் மகனும் எதிரி நாடான இங்கிலாந்துக்கே குடிபெயர்ந்தார்கள். 1674-இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு சம்பளம் நிர்ணயித்தார். கடற்போர்களைக் கோட்டுப்படமாக எடுப்பது அப்பாவின் வேலை, அந்தக் கோட்டுப்படங்களுக்கு வண்ணம் சேர்ப்பது மகனின் வேலை என்று ஆணையில் தெளிவாகப் பிரித்தே சொல்லியிருந்தது. கிரீனிச்சில் அரசியாரின் மாளிகையில் அவர்களுக்கு வேலை செய்ய இடமும் கிடைத்தது.

இந்த ஆணையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒருவர் சாட்சி, இன்னொருவர் கலைஞர். போர்க்கப்பல் ஓவியத்துக்குள் இருக்கும் இரண்டு வேலைகளையும் ஓர் அரசு ஆணையே இரண்டு சம்பளமாகப் பிரித்துக் காட்டிவிட்டது. பின்னால் வந்த ஓவியர்கள் இரண்டையும் ஒரே கையால் செய்தார்கள். படம் பார்க்கும் நாம்தான் எந்த இடத்தில் சாட்சி பேசுகிறார், எந்த இடத்தில் கலைஞர் பேசுகிறார் என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

முதலில் காற்றைப் பாருங்கள்

சாட்சியைச் சோதிக்கச் சுலபமான வழி காற்று. பாய்க்கப்பலுக்கு எஞ்சின் காற்றுதான். படத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். பார்க்க வேண்டியவை:

1. பாய்மர உச்சியில் பறக்கும் நீண்ட வால்கொடி. கப்பல் நிற்கும்போது இது காற்றுத் திசையை நேராகக் காட்டும்.
2. பாய்கள் எந்தப் பக்கம் புடைத்திருக்கின்றன என்பது.
3. பீரங்கிப் புகை எந்தப் பக்கம் நகர்கிறது என்பது.
4. அலை எந்தப் பக்கமிருந்து உருண்டு வருகிறது என்பது. இதில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். நேற்றைய காற்று கிளப்பிய அலை இன்றும் உருண்டுகொண்டிருக்கும்.

முதல் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கொடி ஒரு பக்கமும் புகை இன்னொரு பக்கமும் போனால் வரைந்தவர் கடலைப் பார்த்து வரையவில்லை, வேறு படத்தைப் பார்த்து வரைந்தார் என்று பொருள்.

இன்னொரு விதியும் உண்டு. சதுரப் பாய் கட்டிய போர்க்கப்பல் காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது. காற்று வரும் திசைக்குச் சுமார் 67 பாகை விலகித்தான் போகும். அதனால் இடமும் வலமுமாக வளைத்து வளைத்து ஓட்டுவார்கள். பாய்கள் விம்ம, காற்றின் முகத்துக்கு நேரே பாயும் சதுரப்பாய்க் கப்பலை எந்தப் படத்திலாவது பார்த்தால் தயங்காமல் சிரிக்கலாம்.

அப்புறம், போர் நடக்கும்போது பாய் முழுவதையும் விரித்துவைக்க மாட்டார்கள். கீழ்வரிசைப் பெரிய பாய்களைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு, நடுவரிசைப் பாய்களோடு மெதுவாக நகர்வார்கள். கீழ்ப்பாய் கண்ணை மறைக்கும், பீரங்கி நெருப்பு பட்டால் பற்றிக்கொள்ளும், அதை இழுத்துப் பிடிக்க ஆட்களும் நிறைய வேண்டும். ‘போர் உச்சம்’ என்ற பெயரில் எல்லாப் பாய்களும் விரிந்து நிற்கும் படம் பெரும்பாலும் அழகுக்காக வரைந்தது.

காற்று எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் கரையோரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1782 ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு எதிரே எட்வர்ட் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்படையும் சுஃப்ரானின் பிரெஞ்சுக் கப்பல்படையும் மோதின. இரு பக்கமும் 11 பெரிய கப்பல்கள். காலையில் தென்மேற்குக் காற்று; காற்று வரும் பக்கம் ஹியூஸிடம் இருந்தது. அந்தப் பக்கத்தைப் பிடித்தவர்தான் எப்போது நெருங்குவது, எப்போது விலகி நிற்பது என்று முடிவு செய்ய முடியும். பதினொரு மணி வாக்கில் சண்டை தொடங்கியது. நண்பகல் தாண்டியதும் தெற்குத் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று கிளம்பிவிட்டது. நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. வரிசையாகப் போய்க்கொண்டிருந்த இரண்டு படைகளும் சிதறின. கப்பல்கள் சில ஒரு பக்கமும் சில எதிர்ப்பக்கமும் முகம் திருப்பின. இப்படிப்பட்ட தருணத்தை வரைந்த படத்தில் கப்பல்கள் தாறுமாறாக நின்றால் அது ஓவியரின் கைக்கோளாறு இல்லை. அங்கே தாறுமாறுதான் உண்மை.

வெள்ளைக் கொடி என்றால் சரணாகதியா?

அதே நாகப்பட்டினப் போர் கொடி விஷயத்துக்கும் உதவும். ஹியூஸ், சுஃப்ரான் மோதல்களை வரைந்தவர்களில் ஒருவர் டொமினிக் செர். பிறப்பால் பிரெஞ்சுக்காரர், கடலோடி, பிரிட்டிஷாரிடம் சிறைப்பட்டு லண்டனிலேயே தங்கிவிட்டவர். 1768-இல் ராயல் அகாடமியைத் தொடங்கிய உறுப்பினர்களில் ஒருவரான இவர், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் கடல் ஓவியராகவும் ஆனார். சொந்த நாட்டுப் படை அடிவாங்குவதை அடுத்த நாட்டு மன்னருக்கு வரைந்து கொடுப்பதுதான் இவருக்குப் பிழைப்பு.

இந்தக் காலத்துப் படங்களில் பிரெஞ்சுக் கப்பல்களின் பின்புறம் பெரிய வெள்ளைக் கொடி பறக்கும். இன்று பார்ப்பவருக்குச் சட்டென்று தோன்றுவது, பிரெஞ்சுப் படை மொத்தமும் சரணடைந்துவிட்டது என்றுதான். அப்படி இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பு மன்னரின் கடற்படைக்கு வெள்ளைதான் கொடி. மூவர்ணம் 1794-இல்தான் நிலைபெற்றது.

சரணடைவதற்கான அடையாளம் வேறு: பறக்கும் கொடியைக் கீழே இறக்குவது. நாகப்பட்டினத்தில் செவேர் என்ற பிரெஞ்சுக் கப்பலின் தலைவர் நெருக்கடியில் கொடியை இறக்கச் சொல்லிவிட்டார். கொடி இறங்கியது. அவருடைய அதிகாரிகளோ முடியாது என்று மறுத்துச் சண்டையைத் தொடர்ந்தார்கள். கொடி இறங்கியதைப் பார்த்துச் சுடுவதை நிறுத்தியிருந்த ஆங்கிலக் கப்பல் சுல்தான், செவேரின் பீரங்கிகளிடம் வசமாக மாட்டிக்கொண்டது. மறுநாள் ஹியூஸ், சரணடைந்த கப்பலை ஒப்படையுங்கள் என்று கேட்டு ஆள் அனுப்பினார். சுஃப்ரான் மறுத்துவிட்டார், கொடிக்கயிறு குண்டு பட்டு அறுந்து கொடி விழுந்தது, யாரும் இறக்கவில்லை என்பது அவர் சொன்ன பதில். பிறகு அந்தத் தலைவரைக் கைதியாக பிரான்ஸுக்கு அனுப்பிவைத்தார். ஒரு துணி கீழே வந்ததா, இறக்கப்பட்டதா என்பதில் இவ்வளவு இருக்கிறது. கடற்போர் ஓவியர்கள் கொடிகளை ஏன் நூல் பிசகாமல் வரைந்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

கொடியை வைத்துப் படத்தின் காலத்தையும் பிடிக்கலாம்:

1. பிரிட்டனின் யூனியன் கொடியில் இப்போது இருக்கும் சிவப்புக் குறுக்குப் பெருக்கல்கோடு, அயர்லாந்து இணைந்தபோது 1801 ஜனவரி 1 முதல் சேர்க்கப்பட்டது. 1794 போர்ப் படத்தில் அது இருந்தால் யாரோ பின்னாளில் கவனமில்லாமல் வரைந்திருக்கிறார்கள்.
2. 1864 வரை பிரிட்டிஷ் கடற்படைக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று வகைப் பின்கொடிகள் இருந்தன. தளபதி எந்தப் பிரிவைச் சேர்ந்தவரோ அந்த நிறம். ஆகவே பழைய படத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் சிவப்புக் கொடி இருந்தால் அது வணிகக் கப்பல் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.
3. 1805-இல் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்படைகளோடு நடந்த ட்ரஃபால்கர் போரில், புகைக்குள் குழப்பம் வேண்டாம் என்று பிரிட்டிஷ் தளபதி நெல்சன் எல்லாக் கப்பல்களையும் வெள்ளைப் பின்கொடி ஏற்றச் சொன்னார். ட்ரஃபால்கர் படத்தில் பிரிட்டிஷ் பக்கம் கொடி நிறம் கலந்து கிடந்தால் சந்தேகப்படலாம்.

மரமும் நிறமும்

கப்பலின் உடலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கப்பல் கட்டும் வரைபடங்கள் ஏராளமாக இருப்பதால் நிபுணர்களே சண்டை போட்டுக்கொள்ளும் பகுதி இது. நாம் கவனிக்க ஒன்று போதும்: பீரங்கி வாய்கள். பக்கவாட்டில் வரிசையாக இருக்கும் சதுரக் கதவுகள்தான் அவை. எத்தனை அடுக்கு என்று எண்ணினால் கப்பலின் தரம் தெரியும். நெல்சனின் கப்பலான விக்டரிக்கும் டெமரேருக்கும் மூன்று அடுக்கு. அடித்தட்டு வாய்கள் நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருக்கும். காற்று பலமாக அடித்துக் கப்பல் சாய்ந்தால் சாய்ந்த பக்கத்து அடிவரிசையை மூடியே ஆக வேண்டும். மன்னர் எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் கப்பல் 1545-இல் திரும்பும்போது சாய்ந்து, திறந்திருந்த வாய்கள் வழியே தண்ணீர் புகுந்து மூழ்கியது. புயல் காட்சியில் அடிவரிசை திறந்தபடி இருக்கும் கப்பல் ஓவியத்தில்தான் மிதக்கும்.

நிறம் இதைவிட வழுக்கலான விஷயம். போர்ட்ஸ்மத்தில் உலர்துறையில் நிற்கும் விக்டரி பல பத்தாண்டுகளாகப் பளிச்சென்ற மஞ்சளும் கறுப்புமாக இருந்தது. ஏடு ஏடாகப் படிந்திருந்த பழைய பூச்சுகளை ஆராய்ந்தபோது, ட்ரஃபால்கர் காலத்து மஞ்சள் இன்னும் வெளிறிய, இளஞ்சிவப்பு கலந்த நிறம் என்று தெரிந்தது. 2015-இல் கப்பலுக்கு அந்த நிறத்தையே அடித்தார்கள். ஆக, கப்பலை நேரில் பார்த்துக் கச்சிதமாக வரைந்த இருபதாம் நூற்றாண்டு ஓவியர்கூட, தன் காலத்துப் பெயிண்டைத்தான் வரைந்திருக்கிறார். உண்மையான கப்பலே பொய் சொல்லும் இடங்களும் உண்டு.

இதே சோதனைகளை இன்று இணையத்தில் சுற்றும் செயற்கை நுண்ணறிவுப் படங்களிலும் போட்டுப் பார்க்கலாம். அலையும் ஒளியும் அபாரமாக இருக்கும். ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு அது எங்கே முடிகிறது என்று கண்ணால் போனால் பாதி வழியில் காற்றில் கரைந்துவிடும். நிஜக் கப்பலில் வேலையில்லாத கயிறு ஒன்றுகூடக் கிடையாது.

ஒரே சட்டத்துக்குள் ஒன்றரை நாள்

சரி, காற்றும் கொடியும் மரமும் சரியாக இருந்தால் நல்ல ஓவியம் என்று சொல்லிவிடலாமா? அப்படிச் சொன்னால் பிரிஸ்டலின் நிக்கலஸ் போகாக் மாதிரியான ஓவியர்கள்தான் முதலிடத்தில் இருப்பார்கள். வணிகக் கப்பலின் தலைவராக இருந்து, பயணக் குறிப்பேட்டிலேயே படம் போட்டுப் பழகியவர் அவர். 1794 ஜூன் 1 போரை பெகசஸ் என்ற கப்பலிலிருந்து நேரில் பார்த்துக் குறிப்பெடுத்தவர். அவர் படங்களில் தவறு கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் பலமுறை பார்க்கத் தோன்றுமா என்றால், எனக்குத் தோன்றுவதில்லை.

டர்னர் வேறு பக்கம் நிற்கிறார். 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் ட்ரஃபால்கர் போரை வரையச் சொன்னார். டர்னருக்கு அரச குடும்பத்திடமிருந்து வந்த ஒரே வேலை அதுதான். டர்னர் சும்மா வரைந்துவிடவில்லை. மன்னரின் கடல் ஓவியர் ஜான் கிறிஸ்டியன் ஷெட்கி விக்டரியைப் பார்த்து வரைந்த கோட்டுப்படங்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். 1824-இல் முடிந்த அந்தப் படம் 3.68 மீட்டர் அகலம், 2.61 மீட்டர் உயரம். கடற்படைக்காரர்கள் பார்த்துக் கொதித்துப்போனார்கள். ஏனென்று கடிகாரத்தோடு பார்த்தால் புரியும்:

1. விக்டரியின் பாய்மரத்தில் சைகைக் கொடிகள் பறக்கின்றன. ‘ஒவ்வொருவரும் தன் கடமையைச் செய்வார் என்று இங்கிலாந்து எதிர்பார்க்கிறது’ என்ற நெல்சனின் புகழ்பெற்ற செய்தியில், ஆங்கிலத்தில் கடைசிச் சொல்லாக வரும் ‘கடமை’ அது. செய்தி ஏற்றப்பட்டது போர் தொடங்கும் முன், நண்பகலுக்குச் சற்று முன்னால். (மற்ற சொற்களுக்கெல்லாம் சைகை அகராதியில் தனி எண் இருந்தது. ‘கடமை’க்கு இல்லாததால் எழுத்துக் கூட்டி நான்கு தடவையாக ஏற்ற வேண்டியிருந்தது.)
2. நெல்சனின் தளபதிக் கொடி தாங்கிய பாய்மரம் முறிந்து சாய்கிறது. இது போரின் நடுப்பொழுது. நெல்சன் குண்டடி பட்டது பிற்பகல் 1.15 வாக்கில்.
3. பின்னணியில் பிரெஞ்சுக் கப்பல் அஷில் பற்றி எரிகிறது. இது மாலை.
4. முன்னால் ரிடூட்டாபிள் மூழ்குகிறது. நெல்சனைச் சுட்டவன் இருந்த கப்பல். அது மூழ்கியது மறுநாள்.

சைகைக் கொடியிலிருந்து மூழ்கும் கப்பல் வரை ஒன்றரை நாள் நிகழ்வுகள் ஒரே நொடியில் நிற்கின்றன. ஒளிப்படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பித்தலாட்டமாகத் தெரியலாம். தஞ்சைப் பெரிய கோயில் கருவறைச் சுற்றில் சோழர் கால ஓவியத்தைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. சுந்தரர் திருமணத்தில் வந்து ஓலை காட்டி வழக்காடுகிற கிழவரும், யானையும் குதிரையுமாகக் கைலாயம் போகும் சுந்தரரும் சேரமானும் அங்கே ஒரே சுவரில்தான் இருக்கிறார்கள். யாரும் நேரக் கணக்குக் கேட்பதில்லை.

மாலுமிகளின் கோபத்துக்கு வேறு காரணமும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். மன்னர் கேட்டது வெற்றிப் படம். டர்னர் முன்வரிசையில் வைத்ததோ தண்ணீரில் தத்தளிக்கும் மனிதர்களை. உடைந்த மரத்துண்டு, கவிழப்போகும் படகு, கையை நீட்டும் மாலுமி என்று பார்ப்பவரின் காலடியில் சாவு கிடக்கிறது. அதற்கு நடுவே தண்ணீரில், நெல்சனின் சின்னத்தில் இருந்த லத்தீன் வாசகத்தின் எழுத்துகள் துண்டு துண்டாகத் தெரிகின்றன. தகுதி பெற்றவனுக்கே வெற்றிக் குருத்தோலை என்பது அதன் பொருள். 1829-இல் மன்னர் படத்தை அரண்மனையிலிருந்து எடுத்து கிரீனிச் மாலுமிகள் மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார். ட்ரஃபால்கரில் சண்டை போட்ட கிழவர்கள் பலர் தங்கியிருந்த இடம் அது.

மறுபடியும் டெமரேர்

இப்போது குற்றப்பட்டியலுக்குத் திரும்பலாம். அதற்கு முன் கப்பலின் கதை நான்கு வரியில். 98 பீரங்கிகள் கொண்ட டெமரேர் 1798-இல் சாத்தமில் நீரில் இறங்கியது. பெயர் பிரெஞ்சு, 1759-இல் பிடிபட்ட ஒரு பிரெஞ்சுக் கப்பலிடமிருந்து வந்தது, அஞ்சாதவன் என்று பொருள். ட்ரஃபால்கரில் விக்டரிக்கு அடுத்ததாக வந்து, விக்டரியோடு பின்னிக்கிடந்த ரிடூட்டாபிளை மறுபக்கம் மோதி நெருக்கி, இன்னொரு பிரெஞ்சுக் கப்பலையும் சிறைபிடித்தது. பிறகு சிறைக்கப்பல், ஆட்களைத் தங்கவைக்கும் கப்பல் என்று சரிந்து, 1838 ஆகஸ்டில் ஜான் பீட்சன் என்ற கப்பல் உடைப்பு வியாபாரிக்கு 5,530 பவுண்டுக்கு விலைபோனது. செப்டம்பர் 5, 6 தேதிகளில் ஷீர்னஸிலிருந்து லண்டன் ரோதர்ஹித்துக்கு இழுத்துவந்தார்கள். டர்னர் அதை நேரில் பார்த்தார் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது.

இந்தப் படத்துக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. மேலே சொன்ன முதல் கேள்விக்கு இங்கே கிடைக்கும் பதில் இதுதான். வாங்கவந்தவர்களுக்கும் டர்னர் விற்கவில்லை. கடைசிவரை வைத்திருந்து நாட்டுக்கு எழுதிவைத்துவிட்டார். தளபதியின் பெருமையையோ மன்னரின் சுவரையோ காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லாதபோது, சாட்சி வேலையை அவர் விட்டுவிட்டார்.

எதை விட்டார் என்று பாருங்கள். பாய்மரத்தைத் திருப்பி நட்டார்: மொட்டைக் கட்டையாக வந்த கப்பலுக்குக் கௌரவமான கடைசி உருவம் கிடைத்தது. இரண்டு இழுவைப் படகை ஒன்றாக்கினார்: கிழவரைக் கைப்பிடித்து அழைத்துப்போகும் ஒற்றை ஆள்போல அது மாறியது. சூரியனைப் பின்னால் இறக்கினார்: கப்பல் தன் அந்தியை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு நம்மை நோக்கி வருகிறது. புகைபோக்கியை முன்னுக்குத் தள்ளினார்: படத்தில் முதலில் வருவது இரும்பும் கரியும், அப்புறம்தான் பாய்மரங்கள். நான்கும் ஒரே திசையில் வளைக்கப்பட்டிருக்கின்றன. கைத்தவறு என்றால் நான்கும் நான்கு பக்கம் போயிருக்கும்.

கொடியை மட்டும் அவர் வளைக்கவில்லை. டெமரேரின் மரத்தில் போர்க்கொடி இல்லை. இழுவைப் படகில் வெள்ளையாக ஒன்று பறக்கிறது. தனியாருக்கு விற்ற கப்பல் கடற்படைக் கொடி ஏற்றும் உரிமையை இழந்துவிடும். காட்சிப் பட்டியலில் படத்தோடு டர்னர் சேர்த்திருந்த கவிதை வரிகளும், போரையும் காற்றையும் தாங்கிய கொடிக்கு இனி இவள் சொந்தமில்லை என்றுதான் சொல்கின்றன.

1845-இல் ஜே.டி. வில்மோர் இந்த ஓவியத்தை அச்சுக்குச் செதுக்கியபோது, பாய்மரத்தை முன்னாலும் புகைபோக்கியைப் பின்னாலும் வைத்துத் ‘திருத்தி’விட்டார். அந்த அச்சுப்படத்தில் இழுவைப் படகு நிஜமாகவே ஓடக்கூடிய படகு. டெமரேரை உடைத்த கருவாலி மரத்தில் ஒரு பகுதி, ரோதர்ஹித்தில் தேவாலயத்துக்கான மேசையாகவும் இரண்டு நாற்காலிகளாகவும் ஆனது. ரோதர்ஹித் தூய மேரி தேவாலயத்தில் அவை இன்னும் இருக்கின்றன.